பாலுக்குப் பாட்டு உண்டு, செத்த மாட்டுக்கு?

நீலகிரியைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தோடர் மந்தில் போய்த்தான் நிற்கிறார்கள். நூற்றைம்பது வருசமாக இதே கதைதான். 1873ல் மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி, மண்டையின் அமைப்பை வைத்துத் தோடர்களின் குணத்தைக் கணிக்கிறேன் என்று ஒரு புத்தகமே போட்டார். 1906ல் ரிவர்ஸ் என்ற மானிடவியலாளர் எழுதிய 'தோடர்கள்' 700 பக்கத்தைத் தாண்டும். 1901 குடிக்கணக்கில் தோடர்கள் எண்ணூறு பேர் சொச்சம். கிட்டத்தட்ட ஆளுக்கு ஒரு பக்கம்! வேறு எந்தச் சனத்துக்கு இந்த யோகம் வாய்ச்சிருக்கு?

இவ்வளவு எழுத்தையும் நாம் எங்கே நின்று வாசிப்பது? பால் கறக்கிற இடத்தில் நின்று வாசித்தவர்கள் நிறையப் பேர். எருமை செத்துக் கிடக்கிற இடத்தில் நின்று வாசித்தால் என்ன தெரியும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

தோடர்களுக்கு எருமைதான் வாழ்வு, எருமைதான் சாமி. பால் கடைகிற வீடே அவர்களுக்குக் கோயில், பால் கடைகிறவரே பூசாரி. பூமிக்குள்ளிருந்து சாமி எருமைகளை வெளியே கொண்டுவந்தபோது, கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன்தான் முதல் தோடன் என்ற கதையை ரிவர்ஸ் பதிவு செய்திருக்கிறார். எவ்வளவு அழகான கதை! மனுசனை எருமைக்குப் பின்னால் வைக்கிற கதை. தலையில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று சொல்கிற கதையைவிட ஆயிரம் மடங்கு மேல். இதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

என் சண்டை இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு போனவர்களோடு. நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது முல்லைத்திணை நடத்திய பேராசிரியர், "சங்ககால முல்லையை இன்னிக்கும் கண்ணால பாக்கணும்னா ஊட்டிக்குப் போங்க" என்றார். நான் அந்தப் பக்கத்துப் பிள்ளை என்று தெரிந்ததும், "தோடரா?" என்று ஆசையாகக் கேட்டார். "இல்லீங்க சார், எஸ்டேட்டு" என்றேன். அதோடு அவர் ஆர்வம் அடங்கிவிட்டது. 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து விரட்டப்பட்டு, மண்டபம் முகாம் வழியாக வந்து, நீலகிரியில் கொழுந்து பறிக்க இறக்கிவிடப்பட்ட சனத்துக்கு எந்தத் திணையும் கிடையாது போல.

அந்த வகுப்பில் நடத்தாமல் விட்ட முல்லையை இப்போது பார்ப்போம். பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். மோர் விற்றுத் தானியம் வாங்கி வீட்டாருக்குச் சோறு போடுகிறாள். நெய் விற்றதற்குப் பொன் கொடுத்தால் வேண்டாம் என்கிறாள், எருமையும் பசுவும் வாங்குகிறாள். கலித்தொகையின் முல்லைப் பாட்டுகளில் ஏறு தழுவுகிறார்கள், குரவை ஆடுகிறார்கள். பால், தயிர், மோர், நெய், கொம்பு, திமில் எல்லாவற்றுக்கும் பாட்டு இருக்கிறது. செத்த மாடு எங்கே போனது?

தோல் மட்டும் வேறு திணையில் வருகிறது. வென்ற ஏற்றின் தோலைப் போர்த்தி அரசனுக்கு முரசு செய்கிறார்கள். அந்தத் தோலை உரித்தது யார், பதப்படுத்தியது யார் என்று பாட்டு சொல்வதில்லை. ஆனால் வாரை வைத்துக் கட்டில் பின்னுகிற ஒரு தொழிலாளி புறநானூற்றில் வருகிறான். ஊசி ஓட்டுகிற அவன் கையின் வேகத்தைப் போர்க்கள வேகத்துக்கு உவமையாக்கிக்கொள்கிற புலவர், அவனுக்குக் கொடுக்கிற பேர் 'இழிசினன்'. கை வேகம் உவமைக்கு ஆகும், ஆள் மட்டும் இழிந்தவன். பால் தொட்ட கைக்கு ஒரு திணை, தோல் தொட்ட கைக்கு ஒரு வசைப்பேர். நம்முடைய இலக்கிய வரலாற்றுப் புத்தகங்கள் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

சமவெளியின் இடையர் வரலாறும் பால் வழியாகத்தான் மேலே ஏறியது. அவர்களையும் இந்தச் சமூகம் சும்மா விடவில்லை. 'இடையன் புத்தி பிடரியிலே' என்று பழமொழி கட்டிக் கேலி பேசியது. அதற்குப் பதிலாக அவர்கள் கண்ணனைக் கையில் எடுத்தார்கள். கோன் என்றால் மேய்ப்பவனும்தான், அரசனும்தான் என்றார்கள். 1924ல் அகில இந்திய யாதவ மகாசபை உருவானது. இடையர், கோனார், ஆயர் எல்லோரும் யாதவர் ஆனார்கள். இதைக் குற்றம் சொல்லவில்லை. ஏறுவதற்கு அவர்களுக்கு ஒரு புராணம் இருந்தது. அதே மாட்டைச் செத்த பிறகு தூக்கியவனுக்கு அந்த ஏணி கிடையாது, ஏனென்றால் பசுவின் பாலுக்குப் புராணம் எழுதியவர்கள் பசுவின் பிணத்துக்குத் தீட்டு எழுதி வைத்தார்கள்.

மலைக்கு மேலே சாதியே இல்லை, அங்கே எல்லாம் சமத்துவம் என்று நம்ம தோழர்களே பலர் பேசுகிறார்கள். அப்படியானால் கோத்தர்களைப் பற்றிப் பேச வேண்டும். ஏழு ஊர்க்காரர்கள். ஆண்கள் இரும்படித்தார்கள், மரவேலை செய்தார்கள். பெண்கள் பானை வனைந்தார்கள். தோடருக்கும் படகருக்கும் கோடாலி, கத்தி, சட்டி, பானை எல்லாம் இவர்கள் கைவேலை. அவர்கள் வீட்டுச் சாவுக்குக் கொள்ளு என்ற ஊதுகுழலும் பறைகளும் வாசித்ததும் இவர்கள்தான். பதிலுக்குத் தோடர்கள் நெய் கொடுத்தார்கள். சாவில் பலியிட்ட எருமையின் உடலையும், தானாகச் செத்த எருமையின் உடலையும் கொடுத்தார்கள். தோடர் எருமைக்கறி சாப்பிடுவதில்லை. கோத்தர் சாப்பிட்டார்கள்.

இந்த ஒரு விசயத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்கார எழுத்து ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. தோடர் என்றதும் உயரம், தாடி, கம்பீரம், பிரபுத்தனம் என்று வர்ணனை. அடுத்த அத்தியாயத்தில் கோத்தர் வந்ததும் அழுக்கு, நாற்றம், பிணந்தின்னி. 'கோஹத்யா', அதாவது பசுக்கொலை, என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்துதான் இந்தப் பேரே வந்தது என்றுகூட எழுதினார்கள். தங்களைக் 'கோவ்' என்று தங்கள் மொழியில் சொல்லிக்கொண்ட ஒரு சனத்துக்குச் சமஸ்கிருதத்தில் கொலைப்பட்டம்! மண்டை அளக்க வந்தவனும் மனுவைப் படித்தவனும் சந்திக்கிற இடம் இது.

கோத்தர்களிடமும் மாட்டுக்கதை இருக்கிறது. ஒரு கருப்புப் பசு முன்னால் நடந்து போனது, அது கால் பதித்த இடங்களில் எங்கள் ஊர்கள் எழுந்தன என்கிறார்கள். இசை ஆய்வாளர் ரிச்சர்ட் வுல்ஃப் 2005ல் வெளியிட்ட தன் நூலுக்கே அந்தக் கருப்புப் பசுவின் காலடியைத்தான் தலைப்பாக வைத்தார். வால் பிடித்து வந்தவன் கதை உலகம் சுற்றியது. காலடி பார்த்து நடந்தவன் கதைக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

ரிவர்ஸ் புத்தகத்தில் ஒரு சின்னத் தகவல். மிகப் புனிதமான பால்மனைகளில் வெளி அறைக்கு வேண்டிய மண்பாண்டங்களைக் கோத்தர்களிடம் வாங்குகிறார்கள். பால் இருக்கிற உள் அறைக்குக் கோத்தர் பானை ஆகாது, அதை வெளியாட்களிடம் வாங்குகிறார்கள். ரிவர்ஸ் இதைப் பாத்திரப் பட்டியல் போலச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நமக்கு அப்படிப் போக முடியுமா? டீக்கடையில் தனி டம்ளர் பார்த்த கண்ணுக்கு அந்த வெளி அறை உடனே தெரியும். ஒரு மனுசியின் கை பட்ட மண் எந்த வாசல்படி வரைக்கும் போகலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள் என்றால், அதற்கு என்ன பேர்?

'பரஸ்பர உறவு' என்று பேர் வைத்தார்கள் மானிடவியலாளர்கள். தோடர் பால், படகர் தானியம், கோத்தர் இரும்பு, குறும்பர் மந்திரம்: ஒருத்தருக்கொருத்தர் கொடுத்து வாங்கிக்கொண்ட இணக்கமான உலகம் என்று இன்றைக்கும் பாடம் நடக்கிறது. சமவெளியில் இதே ஏற்பாட்டுக்குக் குடிமை, மிராசு, ஜஜ்மானி என்று பேர். அங்கே அது சாதி, மலையில் ஏறினால் அது இணக்கமா?

ஆனாலும் இதை அப்படியே சேரி என்று சொல்லிவிடவும் முடியாது. கோத்தர்களுக்குச் சொந்த நிலம் இருந்தது, சொந்தப் பூசாரி இருந்தார், சொந்தச் சாமி இருந்தது. பண்ணையில் கட்டிப்போட்ட அடிமை வாழ்வு அல்ல அவர்களுடையது. கோத்தகிரி என்ற ஊர்ப்பேரே கோத்தர் கேரிதான். கன்னடத்தில் கேரி என்றால் தெரு. தமிழில் அதே சொல்தான் சேரி. ஒரே வேர்ச்சொல். சமவெளியில் அது ஊருக்கு வெளியே தள்ளப்பட்டது, மலையில் ஒரு தாலுகாவுக்கே பேரானது. இழிவு இருந்தது, ஆனால் காலுக்குக் கீழே மண்ணும் இருந்தது. அந்த மண் இருந்ததால்தான் அடுத்து நடந்தது நடந்தது.

சுல்லி என்று ஒரு கோத்தர். படித்தவர், பள்ளி ஆசிரியர். 1930களில் மொழியியலாளர் எமனோவுக்கும் மானிடவியலாளர் மண்டெல்பாமுக்கும் கோத்தர் வாழ்வைச் சொல்லிக்கொடுத்தவர். எமனோ வெளியிட்ட கோத்தர் கதைத் தொகுதிகளில் பெரும்பகுதி இவர் வாய்மொழி. அட்டையில் பேர் எமனோவுக்கு. இந்தச் சுல்லி தன் சனத்திடம் என்ன சொன்னார்? செத்த மாடு தின்ன வேண்டாம், அடுத்தவன் சாவுக்குப் போய் வாசிக்க வேண்டாம். தலைமுடியை வெட்டிக்கொண்டார். சொந்த ஊரிலேயே எதிர்ப்பு. அதே காலத்தில், 1930 வாக்கில், சீர்திருத்தம் பேசிய படகர்களும் கோத்தர் இசை எங்கள் சாவுக்கு வேண்டாம் என்று விலக்கத் தொடங்கினார்கள். மண்டெல்பாம் 1960ல் சுல்லியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். தமிழில் சுல்லியைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்?

1927ல் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டை விடச் சொன்னார். சில வருசம் கழித்து நீலகிரி மலையில் ஒருத்தர் அதையே சொல்கிறார். 1948ல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில் அம்பேத்கர், தீண்டாமையின் வேரைச் செத்த மாட்டை உண்டதில் கொண்டுபோய் நிறுத்துகிறார். அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க நீலகிரியைவிட நல்ல இடம் இருக்கிறதா? பிராமணன் அக்கிரகாரம் போட்டு உட்காராத மலை. பசுவை அல்ல, எருமையைக் கும்பிடுகிற மலை. அங்கேயும் பால் மேலே போகிறது, பிணம் கீழே இறங்குகிறது. அப்படியானால் தீட்டு என்பது பிராமணன் வந்து சொல்லித்தான் பிறக்குமா, அல்லது உழைப்பைப் பிரிக்கிற இடத்திலேயே முளைத்துவிடுமா? நம் இயக்கத்துக்கு இது பெரிய கேள்வி.

சுல்லிக்குப் பிறகு கோத்தர்கள் பறையை உடைத்துப் போட்டுவிடவில்லை. அடுத்தவன் எழவுக்கு அடிப்பதை விட்டார்கள். தங்கள் அய்யனோர், அம்மனோர் திருவிழாவுக்கும் தங்கள் சாவுக்கும் இன்றும் வாசிக்கிறார்கள். பறையை விட வேண்டுமா, விடுதலைக் கலையாகத் தூக்கிப் பிடிக்க வேண்டுமா என்று தொண்ணூறுகளிலிருந்து நாம் மல்லுக்கட்டுகிறோம். எங்கள் லயத்தில் என் மாமா ஒருத்தர் அடிப்பார். எஸ்டேட்டில் எவன் வீட்டில் எழவு என்றாலும் ஆள் வந்து வாசலில் நின்று கூப்பிடும். 'வர முடியுமா?' என்று கேட்காது, 'வா' என்று சொல்லும். மாமா மகன் அந்தத் தோலை ஆணியில் மாட்டிவிட்டான், இப்போது அம்பேத்கர் பிறந்தநாளுக்கு மட்டும் இறக்குகிறான். தோலில் இழிவு இல்லை. 'வா' என்ற சொல்லில் இருக்கிறது.

கோத்தர் பக்கம் நிற்பது தோடருக்கு எதிராக நிற்பது ஆகாது. அவர்களுடைய புல்வெளியில் ஊட்டி நகரம் எழுந்தது. மிச்சத்தில் தேயிலையும் சீகையும் கற்பூர மரமும் நட்டார்கள். புல் போன இடத்தில் எருமை எப்படிப் பிழைக்கும்? இன்றைக்குத் தோடர் சால்வையும் வளைவுக் குடிலும் சுற்றுலா விளம்பரத்துக்கு வேண்டும், மேய்ச்சல் நிலம் கேட்டால் மட்டும் காது கேட்காது. பிரபு என்று வர்ணித்தவன்தான் நிலத்தைப் பிடுங்கினான். அந்த வர்ணனையும் பிடுங்கலின் ஒரு பகுதிதான். தோடர், கோத்தர் இருவருமே இன்று அரசுப் பட்டியலில் மிகவும் நலிந்த பழங்குடிகள். 700 பக்கம் எழுதப்பட்டவனும் அடிக்குறிப்பாகக் கிடந்தவனும் ஒரே பட்டியலில்.

இன்னொரு எழுத்தும் இந்த மலையிலிருந்து கிளம்பியது. நீலகிரியில் வளர்ந்த அயோத்திதாசப் பண்டிதர் 1891 டிசம்பர் 1ஆம் தேதி திராவிட மகாஜன சபையின் மாநாட்டை ஊட்டியில் கூட்டினார். பறையர் என்று இழிவாகப் பேசுவதைக் குற்றமாக்கு என்பது அதன் தீர்மானங்களில் ஒன்று. ரிவர்ஸ் மலையேறுவதற்குப் பத்து வருசம் முந்தி. அவர் யார் மண்டையையும் அளக்கவில்லை. எந்தச் சொல் யாரைத் தாழ்த்துகிறது என்று அளந்தார். நீலகிரி ஆய்வு என்று பல்கலைக்கழகத்தில் பாடம் வைக்கிறவர்கள் 1906லிருந்து ஆரம்பிக்கிறார்கள். நாம் 1891லிருந்து ஆரம்பிக்கலாம்.

ஆய்வேடு எழுதப் போகிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த மேய்ச்சல் சனத்தைப் பற்றி எழுதினாலும், மலையோ சமவெளியோ, இந்தக் கேள்விகளையும் கையோடு கொண்டுபோங்க: மாடு செத்தால் யார் தூக்கினது? தோல் யாருக்குப் போச்சு? பானை எந்த அறை வரைக்கும் போச்சு? சாவுக்கு அடித்தவருக்கு என்ன கிடைச்சது, மாட்டேன் என்று சொன்ன அன்றைக்கு என்ன நடந்தது? பதிலைக் கோத்தர் ஊர்ப் பெரியவர்களிடமும் தோடர் பெண்களிடமும் லயத்துக் கிழவிகளிடமும் கேளுங்க. அவர்கள் சொல்வதை எழுதும்போது, அட்டையில் அவர்கள் பேரையும் போடுங்க.