வாசலில் எடுத்த கணக்கு

33,18,63,358. அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் கீழுள்ள இடங்களுக்கு 2024ஆம் ஆண்டில் பதிவான பொழுதுபோக்கு வருகைகளின் மொத்தம் இது. 1904இலிருந்து தொடரும் அந்தக் கணக்கில் அதுவரை இவ்வளவு பெரிய எண் ஏறியதில்லை. இதற்கு முந்தைய உச்சம் பூங்காச் சேவை நூற்றாண்டு கண்ட 2016இல் வந்தது: 33 கோடியே 10 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இடையில் கொரோனா வந்தது. 2020இல் 23 கோடியே 70 லட்சமாகச் சரிந்த வருகை நான்கே ஆண்டில் எழுந்து பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தரப்பினர் மூன்று முடிவுக்கு வருகிறார்கள். மக்களுக்கு இயற்கைமேல் நாட்டம் கூடிவிட்டது என்கிறார் ஒருவர். பூங்காக்கள் கூட்டம் தாங்காமல் திணறுகின்றன என்கிறார் இன்னொருவர். அதனால் கட்டணத்தை உயர்த்தி, முன்பதிவைக் கட்டாயமாக்கி, வாசலை இறுக்க வேண்டும் என்கிறார் மூன்றாமவர். இந்த மூன்றில் எதையாவது அந்த ஒற்றை எண் தாங்குமா? அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

பெரும்பாலான பூங்காக்களில் யாரும் வாசலில் நின்று தலைகளை எண்ணுவதில்லை. சாலையில் பதித்த கருவி வாகனங்களை எண்ணுகிறது. ஒரு வாகனத்துக்குச் சராசரியாக இத்தனை பேர் என்று ஒரு பெருக்கு எண் வைத்திருக்கிறார்கள். ஊழியர்களின் வண்டி, சரக்கு வண்டி, வெறுமனே கடந்து போகும் வண்டி ஆகியவற்றுக்கு ஒரு கழிவு. ஒவ்வொரு பூங்காவுக்கும் அதன் நிலத்துக்கேற்ற தனி முறை உண்டு. மேலும், எண்ணப்படுவது வருகையே தவிர ஆள் அல்ல. யெல்லோஸ்டோனுக்கு வெளியே கார்டினர் ஊரில் அறை எடுத்துத் தங்கி மூன்று நாள் உள்ளே போய்வரும் நால்வர் குடும்பம் கணக்கில் பன்னிரண்டு வருகையாகிறது. இது குறையல்ல, ஆண்டுதோறும் ஒரே முறையில் எடுத்தால் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க இது போதும். ஆனால் பெருக்கு எண்ணில் பிறந்த மதிப்பீட்டைக் கடைசி இலக்கமான 8 வரை அச்சிட்டுவிட்டு, அத்தனை ‘பேர்’ வந்தார்கள் என்று செய்தி எழுதும்போது கணக்கு திரிந்துவிடுகிறது.

அந்த மொத்தத்துக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பது இன்னும் முக்கியம். தேசியப் பூங்கா என்றதும் நமக்கு யோசமிட்டியின் அருவியும் கிராண்ட் கேன்யனின் செம்பாறையும் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பெயரை உடைய இடங்கள் 63. மொத்த வருகையில் அவற்றின் பங்கு மூன்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை. 2024இல் முதலிடம் பிடித்தது சான் பிரான்சிஸ்கோ நகரை ஒட்டிய கோல்டன் கேட் பொழுதுபோக்குப் பகுதி. அங்கே மட்டும் ஒரு கோடியே 70 லட்சம் வருகை. அடுத்தது புளூ ரிட்ஜ் பார்க்வே. அது 469 மைல் நீளமுள்ள ஒரு மலைச்சாலை. வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் படியேறுபவரும் இதில் சேர்த்திதான். மாலையில் நாயோடு கடற்கரையில் நடப்பவரும், நான்கு நாள் முதுகுப்பையோடு காட்டுக்குள் போகிறவரும் ஆளுக்கொரு வருகை. இருவரும் வரவேண்டியவர்களே. ஆனால் இருவரையும் ஒரே நெடுவரிசையில் கூட்டி வரும் தொகையிலிருந்து காட்டின் நிலையைப் படிக்க முடியாது.

முதல் முடிவை இப்போது எடுத்துக்கொள்வோம். இயற்கை நாட்டம் கூடியிருக்கிறதா? 1987இல் பதிவான வருகை 28 கோடியே 70 லட்சம். அன்றைய அமெரிக்க மக்கள்தொகை 24 கோடியே சொச்சம். நூறு பேருக்கு ஏறத்தாழ 118 வருகை. 2024இல் மக்கள்தொகை 34 கோடி. நூறு பேருக்கு 98 வருகைகூட இல்லை. இதற்கிடையில் சேவையின் கீழ் புதிய இடங்கள் பல சேர்ந்திருக்கின்றன; வெளிநாட்டுப் பயணிகளும் இதே தொகைக்குள்தான் இருக்கிறார்கள். அத்தனையும் சேர்ந்தும் விகிதம் 37 ஆண்டுக்கு முந்தைய அளவை எட்டவில்லை. உச்சம் என்று கொண்டாடப்படும் ஆண்டு, தலைக்கு இத்தனை என்று பார்த்தால் இறக்கத்தில் நிற்கிறது.

இந்த இறக்கத்தை முதலில் உரத்துச் சொன்னவர்கள் ஆலிவர் பெர்காம்ஸ், பட்ரிசியா சரடிக் என்ற இரு ஆய்வாளர்கள். 2006இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, வருகை குறைந்ததை வீடியோ விளையாட்டு, இணையம், வீட்டில் பார்க்கும் திரைப்படம், எண்ணெய் விலை ஆகியவற்றோடு இணைத்துக் காட்டியது. திரை மக்களைக் காட்டிலிருந்து பிரித்துவிட்டது என்ற அந்த வாதம் பரவலாக எடுபட்டது. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ஒரே காலத்தில் ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. பிற்காலத்தில் அதே திரைதான் கூட்டத்தை ஒரு சில பாறை விளிம்புகளுக்கு அழைத்து வந்தது. படம் எடுக்க ஏற்ற இடம் எது என்று கைப்பேசி சொல்கிறது. எல்லோரும் அங்கேயே போகிறார்கள். ஆனால் அந்த இரு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டிய விகிதம் உண்மை. நாட்டம் கூடியதற்கு இந்த எண் சான்றாகாது.

ஓர் ஆண்டின் சரிவு நாட்டம் குறைந்ததற்கும் சான்றாகாது. யெல்லோஸ்டோன் 2021இல் 48 லட்சத்து 60 ஆயிரம் வருகை கண்டது. அந்த ஜூலையில் மட்டும் பத்து லட்சத்தைத் தாண்டியது, ஒரே மாதத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு 33 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 2022 ஜூனில் பெருவெள்ளம் வடக்குச் சாலையை அடித்துக்கொண்டு போய், எல்லா வாசல்களும் மூடப்பட்டதே பெரும் காரணம். பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அந்த வெள்ளம் தெரியாது.

இரண்டாவது முடிவுக்கு, கூட்டத்துக்கு வருவோம். இங்கே எண்ணுக்குப் பாதி மதிப்பெண் தரலாம். நெரிசல் உண்மைதான், ஆனால் நாடெங்கும் அல்ல. 2021இன் மொத்த வருகையில் பாதிக்கும் மேற்பட்டது வெறும் 25 இடங்களில் விழுந்தது. சுப்பீரியர் ஏரிக்குள் கிடக்கும் ஐல் ராயல் தீவுப் பூங்காவுக்கு ஓர் ஆண்டு முழுவதும் வருகிறவர்களின் எண்ணிக்கை, ஜூலையில் யெல்லோஸ்டோன் ஒரு நாளில் காணும் கூட்டத்துக்கு ஏறத்தாழ ஈடு. நெருக்கடி இருப்பது குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட மாதத்தில், காலை ஒன்பதுக்கும் மாலை நான்குக்கும் இடைப்பட்ட நேரத்தில், பெரும்பாலும் வாகன நிறுத்தத்தில். அமெரிக்கப் பூங்காவில் முதலில் நிரம்புவது காடு அல்ல, கார் நிறுத்தும் இடம்.

யூட்டா மாநிலத்தின் ஆர்ச்சஸ் பூங்கா இதற்குச் சரியான சாட்சி. அம்மாநிலச் சுற்றுலாத் துறை 2013இல் தன் ஐந்து தேசியப் பூங்காக்களையும் சேர்த்து ஒரு பெரிய விளம்பர இயக்கம் நடத்தியது. அப்போது பத்து லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த ஆர்ச்சஸ் வருகை 2021இல் 18 லட்சமானது. காலையிலேயே நிறுத்தங்கள் நிரம்பி, வாசலைச் சில மணி நேரம் மூடி, வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் நிலை அந்த ஆண்டு திரும்பத் திரும்ப வந்தது. 2022 ஏப்ரலில் நேரச்சீட்டு முறையைத் தொடங்கினார்கள்: இரண்டு டாலர் கட்டி, எந்த மணிக்கு நுழைவது என்று முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வருகை 14 லட்சத்து 60 ஆயிரமாகக் குறைந்தது.

இது வெற்றியா, தோல்வியா? அருகிலுள்ள மோவாப் ஊரின் வணிகர்களில் பலர் வருமானம் போயிற்று என்றார்கள். வரிசையில் காயாமல் உள்ளே போனவர்கள் நிம்மதி என்றார்கள். இரு தரப்பும் காட்டுவது அதே 14 லட்சத்து 60 ஆயிரத்தைத்தான். 2021இல் வாசலில் திரும்பியவர்கள் அந்த 18 லட்சத்தில் இல்லை. 2022இல் சீட்டுக் கிடைக்காமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும் புதிய தொகையில் இல்லை. வழக்கின் முக்கிய சாட்சிகள் இருவருமே ஏட்டில் ஏறாதவர்கள்.

அதே மாநிலத்தின் சயான் பூங்கா வேறு வழியில் போனது. பள்ளத்தாக்கின் உட்சாலை நெரிசலில் சிக்கியபோது, 2000இல் அங்கே பேருந்து விட்டார்கள். பேருந்து ஓடும் பருவத்தில் சொந்தக் காருக்கு அந்தச் சாலையில் இடமில்லை. அன்று ஏறத்தாழ 24 லட்சமாக இருந்த வருகை 2021இல் 50 லட்சத்தைத் தாண்டியது. இருமடங்கு மக்கள் போகிறார்கள், பள்ளத்தாக்கில் கார்ப் புகை இல்லை. நெரிசல் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பேருந்துக்கே வரிசை நிற்கிறது. ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற செங்குத்துப் பாறைப் பாதைக்கு 2022 முதல் குலுக்கலில் அனுமதி தருகிறார்கள். ஆனாலும் எத்தனை பேர் என்பதைவிட எப்படி வருகிறார்கள் என்பதே நிலத்துக்குப் பெரிதாகப் படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் அறியேன்.

மூன்றாவது முடிவு கட்டணம். கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸ் பூங்காவில் நுழைவுக் கட்டணமே கிடையாது. 2023 மார்ச்சில், 15 நிமிடத்துக்கு மேல் வண்டி நிறுத்தினால் நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்று வில்லை முறை கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு வருகை குறையவில்லை, கூடியது. சின்னக் கட்டணம் கூட்டத்தைத் தடுக்காது, பராமரிப்புக்குக் கொஞ்சம் பணம் தரும். அந்த அளவில் அது நியாயம். பெரிய கட்டணம் தடுக்கும், ஆனால் யாரைத் தடுக்கும் என்பதுதான் கேள்வி. 17 பூங்காக்களில் உச்சப் பருவத்துக்கு 70 டாலர் என்ற 2017ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்து, அது கைவிடப்பட்டது.

2026 ஜனவரி முதல் வேறொரு பிரிவினர்மேல் சுமை ஏறியிருக்கிறது. அமெரிக்காவில் வசிக்காத, 16 வயது நிரம்பியவர்கள் யெல்லோஸ்டோன், யோசமிட்டி, கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். மகனையோ மகளையோ பார்க்கக் கலிபோர்னியாவுக்குப் போகும் நம் ஊர்ப் பெற்றோர் யோசமிட்டி வாசலில் சந்திக்கப்போவது இதைத்தான். வெளிநாட்டவரிடம் கூடுதலாக வாங்குவது தவறென்று சொல்ல நமக்கு வாயில்லை. நம் நினைவுச்சின்னங்களிலும் அதுவே வழக்கம். ஆனால் இது நெரிசலுக்கு மருந்தாகும் என்று யாராவது சொன்னால் ஏற்கமாட்டேன்.

யாரைத் தடுக்கிறோம் என்ற கேள்வி கூடாரமிடும் முகாம்களில் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. மொத்த வருகை 33 கோடி என்றால், பூங்காக்களுக்குள் கழிக்கும் இரவுகள், விடுதி, கூடாரம், வண்டி எல்லாம் சேர்த்து, ஒன்றரைக் கோடியைத் தொடுவதில்லை. காட்டில் ஓர் இரவு உறங்குவது அவ்வளவு அரிதான பேறு. யோசமிட்டி முகாமிடங்கள் மாதத்தின் 15ஆம் தேதி காலை ஏழு மணிக்கு, ஐந்து மாதம் முன்னதாக, இணையத்தில் திறக்கும். கோடைக்கால இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் வேகமான இணைப்போடு அமர்ந்திருக்கவும், ஐந்து மாதம் கழித்து விடுப்பு உறுதி என்று நம்பவும் முடிந்தவருக்கே இடம். மணிக்கூலிக்காரருக்கு அடுத்த வார வேலை நேரமே தெரியாது. மொன்டானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு, கைப்பேசி இருப்பிடத் தரவைக்கொண்டு இதைச் சோதித்தது. முன்பதிவு இடங்களில் தங்கியவர்கள், வந்தவருக்கு முதலிடம் என்ற முறையில் தங்கியவர்களைவிடச் சராசரி வருமானம் கூடிய பகுதிகளிலிருந்து வந்திருந்தார்கள். இரு வகையிலும் முகாம் நிரம்பியே இருக்கும். வருகைக் கணக்கில் வித்தியாசமே தெரியாது.

எண்ணை நம்பி எடுத்த பெரிய முடிவுக்கு வரலாற்றில் ஒரு முன்னுதாரணம் உண்டு. போருக்குப் பின் கூட்டம் பெருகியபோது, கான்ராட் வர்த் தலைமையில் 1956இல் ‘மிஷன் 66’ தொடங்கியது. பத்தாண்டில் நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்துச் சாலைகள், நிறுத்தங்கள், பார்வையாளர் கூடங்கள் கட்டினார்கள். 1966இல் எட்டுக் கோடி வருகை வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது 12 கோடிக்கு மேல். சாலை போட்டார்கள், கார் வந்தது. அந்தச் சாலைகளின் பழுதும்தான் இன்று இருபது பில்லியன் டாலரைத் தாண்டிய பராமரிப்பு நிலுவைக்குள் கிடக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு அந்த மொத்த எண்ணைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். அது ஒன்றுக்கு உதவும்: வேலைப்பளுவை அளக்க. காரில் கடந்து போகிறவருக்கும் கழிப்பறை வேண்டும், குப்பை அள்ள ஆள் வேண்டும், கால் இடறினால் தூக்கிவர ரேஞ்சர் வேண்டும். 2024இன் உச்சம் வழக்கமான செய்தி அறிவிப்புகூட இல்லாமல் தளத்தில் ஏற்றப்பட்டது 2025 மார்ச்சில். அதற்கு முந்தைய மாதம்தான் தகுதிகாண் பருவத்திலிருந்த ஊழியர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் நீக்கப்பட்டிருந்தார்கள். அந்த எண் சரியாகப் பேசக்கூடிய ஒரே இடத்தில் அதைப் பேசவிடவில்லை.

என் தீர்ப்பு இது. ஆண்டு மொத்தத்தை ஊழியர் எண்ணிக்கைக்கும் பராமரிப்பு நிதிக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மக்களின் நாட்டத்துக்கோ, நிலத்தின் நலத்துக்கோ, வாசலை இறுக்குவதற்கோ அதைச் சான்றாக ஏற்கக் கூடாது. அந்தக் கேள்விகளுக்கு இடவாரியாக, மணிவாரியாக எடுத்த கணக்கு வேண்டும். அதோடு, இடம் கேட்டுக் கிடைக்காமல் போனவர்களுக்கும் வாசலில் திருப்பப்பட்டவர்களுக்கும் ஒரு பத்தி வேண்டும். அந்த ஆண்டுக் கணக்கில் இன்றுவரை அப்படி ஒரு பத்தி இல்லை.