ட்யூயி நகரவில்லை

டக்ளஸ் ட்ரம்புல் இயக்கிய 'சைலன்ட் ரன்னிங்' 1972இல் வந்தது. பூமியில் காடே இல்லை. மிச்சமிருக்கும் மரங்கள் சனிக்கிரகத்துப் பக்கம் விண்கப்பல்களில் வளர்கின்றன. காடுகளை அழிக்கச் சொல்லி உத்தரவு வருகிறது. தாவரவியலாளர் லோவல் கூட வேலைபார்த்த மூன்று பேரின் சாவுக்கும் காரணமாகி, ஒரு காட்டைக் காப்பாற்றுகிறான். பிறகு அவனுக்குத் துணை குட்டி ரோபோக்கள் மட்டும்தான்.

கதை பல இடத்தில் இடிக்கும். (செடி வாடுறது வெளிச்சம் இல்லாமத்தான்னு ஒரு தாவரவியலாளருக்குப் புரிய அவ்வளவு நேரமா?) ஆனால் அந்த ரோபோக்களுக்காக இதை மூன்று முறை பார்த்துவிட்டேன்.

அவற்றுக்கு முகமில்லை, பேச்சில்லை. ஒரு பெட்டி, இரண்டு குட்டைக் கால்கள், ஒரு கை. அவ்வளவுதான். உள்ளே இருந்தவர்கள் கால்களை இழந்த நடிகர்கள், கைகளால் நடந்தார்கள். அதனால்தான் ஒரு பக்கம் சாய்ந்து, தயங்கி, எடையை மாற்றி அவை நிற்கும்போது நமக்கு என்னவோ செய்கிறது. லோவல் வண்டியை ஏற்றிவிட்டதில் ஹ்யூயி உடைந்துபோகிறது. பழுதுபார்க்கும்போது ட்யூயியைப் போகச் சொல்கிறான். ட்யூயி நகரவில்லை. முழுப் படத்திலும் அவனை எதிர்த்துச் சொல்லப்பட்ட வார்த்தைகளைவிட இது கனமானது.

நிஜத்தில் என்ன நடந்தது? 2005இல் எம்ஐடியில் லியோனார்டோ என்ற, பேசாத ரோபோவை வைத்துச் சோதித்தார்கள். அதன் பார்வையும் தோள் குலுக்கலும் குழப்பத்தைக் காட்டியபோது, கூட வேலைசெய்தவர்கள் தவறைச் சீக்கிரம் பிடித்தார்கள். 2012இல் ரோட்னி ப்ரூக்ஸின் நிறுவனம் கொண்டுவந்த பாக்ஸ்டருக்குத் திரையில் வரைந்த கண்கள். கை போகவிருக்கும் இடத்தைக் கண் முதலில் பார்க்கும். பக்கத்தில் நிற்பவர் கையை எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பார்வை நேர்மையானது, ஏன்னா கை நிஜமாவே அங்கதான் போகும். ஆனால் குழம்பும்போது தூக்கும் புருவம்? அதுவும் தகவல்தான், ஒரு சிவப்பு விளக்கே அதைச் சொல்லிவிடும். புருவத்தைப் பார்த்தால் நாம் பரிதாபப்படுகிறோம். தொழிலாளியிடம் அந்தப் பரிதாபத்தையும் சேர்த்து வேலை வாங்குவது எனக்கு உறுத்துகிறது.

ட்ரம்புல் புருவம் வரையவில்லை. ட்யூயி நின்றது துக்கமா, நிரலில் ஏதாவது கோளாறா என்று படம் சொல்வதே இல்லை. துக்கம் என்று முடிவு செய்தவன் லோவல், குற்றவுணர்வில் இருப்பவன். கூடவே நானும்.

கடைசியில் ட்யூயி மட்டும் காட்டில், பழைய பூவாளியோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. அதைப் பார்க்க அங்கே யாருமில்லை.