55-ஆம் குறளும் சைவ மகளிரும்

வாழ்க்கைத்துணைநலத்து ஐந்தாவதாய் நின்ற 55-ஆம் குறள், மகளிர்க்குக் கணவனன்றித் தெய்வம் வேறில்லை என விதித்ததென ஒரு சாரார் கொள்வர். அவ்வாறே கொண்டு திருவள்ளுவரைப் பழிப்பர் மற்றொரு சாரார். புகழ்ச்சியை விதியாகக் கொண்ட மயக்கம் இருவர்க்கும் ஒன்றே.

பரிமேலழகர், கணவனையே அவட்குத் தெய்வமாக்கி, தொழாது விடப்பட்டவை ‘பிற’ தெய்வங்கள் என வருவித்து உரைத்தார். ஆயினும் அக்குறள் கற்புடையாளது ஆற்றல் கூறியது என்றே கருத்து முடித்தார். அம்முடிபினை நோக்குவார் அரியர். பிற்காலத்தார் சிலர், வேண்டியபொழுது பெய்யும் மழையை அவட்கு உவமையாக்கினர். பொருள் இனிதே, எனினும் தொழாமை பற்றிய ஐயம் அதனால் தீர்ந்திலது.

கடவுள் வாழ்த்தில் இறைவன் தாள் தொழுதலை ஆசிரியர் ஆடவர்க்கென வரைந்தாரல்லர். அங்கு யாவர்க்கும் பொதுவாக்கியதை ஐந்து அதிகாரங் கடந்தவுடன் மகளிர்க்கு விலக்கினார் என்றல் யாங்ஙனம் பொருந்தும்?

விதியென்றே கொள்ளின் மங்கையர்க்கரசியார் நிலை என்னாம்? நின்றசீர் நெடுமாறர் சமண் சார்ந்திருந்த காலத்தும் அம்மையார் சிவநெறி வழுவிற்றிலர். குலச்சிறையாரோடு கூடி, திருமறைக்காட்டிலிருந்த ஆளுடைய பிள்ளையாரை மதுரைக்கு வருவித்தார். மடத்திலிட்ட தீயினைப் பிள்ளையார் பாண்டியன்பால் மெல்லச் செல்லப் பணித்ததற்கு, அம்மையாரது மங்கலநாண் காத்தலையும் ஒரு காரணமாகச் சேக்கிழார் காட்டுவர். கணவன் நெறியிற் செல்லாமை அவர்க்குக் கற்பின் குறைவாகத் தோன்றிற்றில்லை.

காரைக்காலம்மையார் வரலாற்றிலோ தொழுதவன் கணவன். பரமதத்தன் பாண்டிநாட்டிற் பின்மணந்த மனைவியோடும் மகளோடும் அம்மையார் திருவடியில் வீழ்ந்தான். அதற்கு விதி எக்குறளிற் காண்பரென அவ்விரு சாராரே கூறுக.