மயிலின் குரல்

சொந்த ஊரை விட்டுப் போய்ப் பேர் வாங்கிய பெண்ணிடம் நமக்கு எப்போதுமே இரண்டு மனம். நாலு பேர் நடுவில், "அவள் எங்கள் பக்கத்துப் பெண்" என்று மார் தட்டிக்கொள்வோம். வீட்டுத் திண்ணைக்கு வந்ததும், "நம்மை மறந்தே போனாளே" என்று அங்கலாய்ப்போம். நடிகை ஸ்ரீதேவியைப் பற்றி எங்கள் சங்கரன்கோவில் வட்டாரத்தில் இந்த இரண்டு பேச்சும் உண்டு.

இங்கிருந்து சிவகாசி ஐம்பது மைல்கூட இராது. அதன் அருகே மீனம்பட்டியில் 1963 ஆகஸ்டு 13ந் தேதி பிறந்தவர் அவர். தந்தை தமிழர், தாய் தெலுங்கு பேசும் திருப்பதிக்காரர். சிவன் பாதி, திருமால் பாதியாக நிற்கும் சங்கரநாராயணரைத் தினமும் சேவிக்கிற ஊர்க்காரர்களுக்கு, ஒரே ஆளிடம் இரண்டு பாஷை குடியிருப்பது அதிசயமாகப் படக்கூடாது. ஆனாலும் மனத்தாங்கல் தீரவில்லை. அது நியாயம்தானா என்பதை அவருடைய படங்களை வைத்தே பார்த்துவிடலாம்.

நாலு வயது நிறையுமுன் 'கந்தன் கருணை'யில் (1967) குழந்தை முருகனாக வந்தார். சிலேட்டும் பலப்பமுமாக இருக்க வேண்டிய வயதில் தமிழ், தெலுங்கு, மலையாளம் என்று படத்துக்குப் படம் வேஷம் மாற்றிக்கொண்டிருந்தார். 'மூன்று முடிச்சு' (1976) வெளிவந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. அதில் கே. பாலசந்தர் அவரை ரஜினிகாந்தின் சிற்றன்னை ஆக்கினார். "என்ன முதிர்ச்சி!" என்று நாம் வியந்தோம். பதின்மூன்று வயதில் அந்த முதிர்ச்சி எதை விலையாகக் கொடுத்து வந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு அவரே பதில் சொன்னார் என்று எனக்குத் தோன்றுகிறது. பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982) வந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. விபத்தில் நினைவு தப்பிக் குழந்தையாகிவிட்ட பெண் வேஷம். குழந்தைத்தனம் காட்டுவது சினிமாவில் மலிவான சரக்கு. நாக்கைக் குழைத்துக் கொஞ்சினால் போதும். அவர் அந்த வழியில் அதிகம் போகவில்லை. நாய்க்குட்டியைக் கட்டிக்கொள்ளும் உரிமை, திட்டினால் உடனே வாடிப் போகிற முகம், நம்பிவிட்டவனிடம் மிச்சம் வைக்காத நம்பிக்கை, இவற்றால் பாத்திரத்தை நிறுத்தினார். தமக்குக் கிடைக்காத குழந்தைப் பருவத்தை ஒரு முறை வாழ்ந்து பார்த்தது போல இருக்கிறது அந்த நடிப்பு.

அவருடைய இரண்டு பெரிய தமிழ்ப் படங்களும் ரயில் நிலையத்தில்தான் முடிகின்றன. பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) படத்தில் மயில், சப்பாணி திரும்பி வருவானென்று காத்திருக்கிறாள். 'மூன்றாம் பிறை'யிலோ, நினைவு திரும்பியவள் ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். தன்னை நினைவூட்டக் குரங்காட்டம் ஆடுகிற சீனுவைப் பிச்சைக்காரன் என்று எண்ணிப் பொட்டலத்தை வீசுகிறாள். ரயில் போய்விடுகிறது. அடுத்த ஆண்டே ஸ்ரீதேவி பம்பாயில் பெரிய நட்சத்திரமானார். தமிழ் ரசிகர் தம்மைச் சீனுவின் இடத்தில் வைத்துக்கொண்டார். ஆனால் படத்தைச் சரியாகப் பார்த்தால், மறந்தவள்மேல் அதில் ஒரு குற்றமும் இல்லை.

பம்பாய் அவருக்குச் செய்தது என்ன? 1983ல் அவர் நடித்த இரண்டு ஹிந்திப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹிம்மத்வாலா' பளபளக்கும் உடையும் ஆட்டமுமாக ஓடு ஓடென்று ஓடியது. அதே பாலு மகேந்திரா, அதே கமல்ஹாசன், அதே கதை என்று 'சத்மா'வாகப் போன 'மூன்றாம் பிறை' வசூலில் தோற்றது. எந்த ஸ்ரீதேவி விலை போகும் என்பது ஒரே ஆண்டில் தீர்மானமாகிவிட்டது. அதோடு, தொடக்க கால ஹிந்திப் படங்கள் பலவற்றில் அவருக்கு நாஸ் என்ற நடிகை குரல் கொடுத்தார். இந்த நாஸ், 'பூட் பாலிஷ்' படத்தில் குழந்தை நட்சத்திரமாக நடித்து 1955ல் கான் படவிழாவிலேயே சிறப்புப் பாராட்டுப் பெற்றவர். உலகம் மெச்சிய ஒரு குழந்தை நட்சத்திரம் வளர்ந்து, இன்னொரு குழந்தை நட்சத்திரத்தின் முகத்துக்குப் பின்னால் நின்று பேச வேண்டியிருந்தது. இருவரில் யாருக்காக வருந்துவது?

கொரியாவைப் பாருங்கள். அங்கும் காங் சூ-யோன் என்பவர் குழந்தை நட்சத்திரமாகத் தொடங்கியவர்தான். 1987ல் வெனிஸ் படவிழாவில் சிறந்த நடிகை விருது வாங்கினார். அதற்காக அவர் தாய்மொழியை விட்டு வேறு பாஷைக்குப் போகவில்லை. அதே 1987ல் நம்முடைய ஸ்ரீதேவி 'மிஸ்டர் இந்தியா'வில் சார்லி சாப்ளின் வேஷம் கட்டிச் சிரிக்க வைத்தார். படத்தில் இன்றும் பசுமையாக நிற்பது அந்தக் காட்சி. மீசையும் தொப்பியும் தடியும் போதும். அங்கே எந்தப் பாஷையும் குறுக்கே நிற்கவில்லை.

'சாந்தினி'யில் (1989) ஒருவழியாக அவருடைய சொந்தக் குரல் ஹிந்தியில் ஒலித்தது. 1997க்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் திரைப்படத்தை விட்டு விலகியிருந்தவர், 2012ல் கௌரி ஷிண்டேயின் 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' படத்தில் திரும்பினார். லட்டு பிடித்து விற்கும் ஒரு குடும்பப் பெண். இங்கிலீஷ் வராததால் பெற்ற மகளே கேலி செய்கிறாள். நியூயார்க் போய் வகுப்பில் சேர்ந்து, கடைசியில் கல்யாணப் பந்தலில் உடைந்த இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசுகிறாள். அந்தத் தடுமாற்றத்தில் மிகை இல்லை. பல காலம் இரவல் குரலில் வாழ்ந்தவருக்கு, பாஷை தெரியாதவளின் கூச்சத்தை வெளியிலிருந்து கற்க வேண்டிய அவசியம் இருந்திராது. டொராண்டோ படவிழாவில் காட்டப்பட்ட இந்தப் படம் 2014ல் ஜப்பானுக்கும் போயிற்று. ஹிந்தியும் இங்கிலீஷும் தாய்மொழியல்லாத ஜப்பானியப் பெண்களுக்கு அவள் யாரென்று விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய உண்மையான உலகப் புகழ் இதுதான் என்பேன்.

2018 பிப்ரவரி 24ல் துபாயில் அவர் காலமானார். 'மாம்' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது அந்த ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. 'மூன்றாம் பிறை' கமலுக்கும் ஒளிப்பதிவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்தது. '16 வயதினிலே' பாடிய எஸ். ஜானகிக்கு வாங்கித் தந்தது. மயிலுக்கும் விஜிக்கும் ஒன்றுமில்லை. ஆகவே மறதி என்ற குற்றச்சாட்டை அவர்மேல் சுமத்துவதற்கு முன், அவர் நம்மிடையே இருந்தபோது நாம் எதைக் கவனித்தோம் என்பதைக் கொஞ்சம் யோசிப்பது நல்லது. அந்த இரண்டு தமிழ்ப் படங்களையும் இன்னொரு முறை பார்ப்பவர்களுக்கு அது தானாகவே விளங்கும்.