ஆதிமொழி ஒன்று உண்டா?
பாபேல் பகுதியின் விளக்கங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

மாந்தர் பேசும் மொழிகள் யாவும் ஒரே மூலமொழியினின்று கிளைத்தவையா என்னும் வினா மொழிநூலாருக்கு மட்டும் உரியதன்று. ஆதியாகமம் 11ஆம் அதிகாரத்தை விளக்க முற்படும் ஒவ்வொரு திருப்பணியாளரும் அதனை எதிர்கொள்ள வேண்டியவராகிறார். ஏதேனில் பேசப்பட்டது எபிரேயமே எனக் கூறும் அருளுரைகளை நாம் கேட்டிருக்கிறோம். தமிழே எனக் கூறுவனவற்றையும் கேட்டிருக்கிறோம். மேனாட்டு மொழிநூலார் சிலர் உலக மொழிகளின் தாயைக் கண்டறிந்ததாக எழுதியவற்றைக் காட்டி, அறிவியல் வேதத்தை மெய்ப்பித்துவிட்டது என மகிழ்வோரும் நம்மிடையே உளர். இம்மூன்று கூற்றுகளையும் ஆராய்ந்து, திருமறைப் பகுதி உண்மையில் யாது கூறுகிறது என்பதைக் காண்பதே நமது நோக்கமாகும்.

1. எபிரேயமே முதல்மொழி என்னும் மரபு

இம்மரபு மிகப் பழைமையானது. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த யூபிலிகள் நூல், படைப்பின் மொழியாகிய எபிரேயம் பாபேலுக்குப் பின் வழக்கொழிந்ததாகவும், கடவுள் ஆபிராமுக்கு அதனை மீண்டும் கற்பித்ததாகவும் கூறுகிறது. தூய அகஸ்டீன் தமது 'கடவுளின் நகரம்' என்னும் நூலின் 16ஆம் புத்தகத்தில், மொழிகள் பிரிந்தபோது ஏபேரின் குடும்பத்தாரிடம் முதல்மொழி எஞ்சி நின்றது என்றும், அதனாலேயே அது எபிரேயம் எனப் பெயர் பெற்றது என்றும் எழுதினார். மேலைத் திருச்சபை பல நூற்றாண்டுகள் இக்கருத்தையே பின்பற்றியது.

ஆயின் திருச்சபைத் தந்தையர் யாவரும் இதனை ஏற்றனர் எனக் கருதுதல் தவறு. நான்காம் நூற்றாண்டில் நிசா நகர் கிரகோரி, யூனோமியுவுக்கு மறுப்பாக எழுதியபோது, கடவுளை இலக்கண ஆசிரியராக்கிச் சொற்களைக் கற்பிக்க வைப்பதை எள்ளி நகையாடினார். பேசும் ஆற்றலே கடவுளின் கொடை. சொற்களை ஆக்கியது மாந்தரின் செயல் என்பது அவர் கருத்து. எபிரேயம் ஏனைய மொழிகளைவிடத் தொன்மையானது அன்று எனக் கற்றோர் கூறுவதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

திருமறையும் கிரகோரியின் பக்கமே நிற்கிறது. ஏசாயா 19:18 இஸ்ரவேலரின் பேச்சை ஆதாமின் மொழி என்று கூறவில்லை. கானானின் மொழி என்றே குறிக்கிறது. ஆதியாகமம் 31:47இல் ஒரே கற்குவியலுக்கு யாக்கோபு எபிரேயப் பெயரும், ஆபிரகாமின் உறவினனான லாபான் அரமேயப் பெயரும் இடுகின்றனர். எபிரேயம் பெனீசியம், மோவாபியம் ஆகியவற்றோடு செமித்தியக் குடும்பத்தின் கானானியக் கிளையைச் சேர்ந்தது என மொழிநூல் கூறுவது இதற்கு முற்றும் இசைந்ததாகும். ஆதாம், அதாமா என்னும் சொல்லொப்புமை எபிரேயத்தில்தானே பொருந்துகிறது என வினவுவோர்க்கு, நூலாசிரியர் எபிரேயத்தில் எழுதினார் என்பதே போதிய விடையாகும்.

2. மொழிநூலின் ஆற்றலும் எல்லையும்

மொழிகளின் உறவை நிறுவுவது ஒலியொப்புமை அன்று, ஒழுங்கான ஒலிமாற்றமே. தமிழின் பால், பல், பத்து என்பன கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து என வழங்குகின்றன. ஒன்றில் பகரம் நிற்குமிடத்தில் மற்றதில் ஹகரம் நிற்பது ஒரு நெறியாக அமைகிறது. இத்தகைய நெறிகளும் இலக்கண அமைப்பும் சேர்ந்தே உறவை மெய்ப்பிக்கின்றன. 1816இல் எல்லிசும் 1856இல் கால்டுவெல்லும் திராவிட மொழிகளைத் தனிக் குடும்பமாக நிறுவியது இவ்வகைச் சான்றுகளால்தான். இதற்கு மாறாக, பாரசீகத்தில் 'பத்' என்பதும் ஆங்கிலத்தில் 'பேட்' என்பதும் தீயது என்னும் ஒரே பொருள் தருவன. எனினும் அச்சொற்களிடையே எவ்வித உறவும் இல்லை. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியாகிய ம்பபராமில் நாய்க்குப் பெயர் ஆங்கிலத்தில் உள்ளது போன்றே 'டாக்' என்பதாகும். இதுவும் தற்செயலே.

1994இல் மெரிட் ரூலன், ஜான் பெங்ட்சன் ஆகியோர் உலக மொழிக் குடும்பங்களினின்று 27 பொதுச்சொற்களைத் திரட்டி வெளியிட்டனர். 'திக்' என்னும் வேர் அவற்றுள் ஒன்று. அதன் கீழ் விரல், ஒன்று, கை எனப் பல பொருளுடைய சொற்கள் தொகுக்கப்பட்டுள்ளன. ஒலியிலும் பொருளிலும் இத்துணை நெகிழ்ச்சிக்கு இடமளித்து, ஏறத்தாழ 7,000 மொழிகளில் தேடுவோர்க்கு ஒப்புமை கிட்டாதிருப்பதே வியப்பாகும். ஆகவே மொழிநூலாருள் பெரும்பாலோர் இம்முயற்சியை ஏற்கவில்லை.

கால அளவையும் நாம் எண்ண வேண்டும். ஒப்பீட்டு முறை 8,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு அப்பால் செல்ல இயலாதென்பது பொதுவான மதிப்பீடு. மனித இனத்தின் வயதோ இரண்டு, மூன்று இலட்சம் ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் சொற்கள் அடையாளமின்றித் தேய்ந்துவிட்டன. ஆகவே ஆதிமொழி ஒன்று இருந்திருக்கலாம், இல்லாதிருந்திருக்கலாம். இரண்டையும் மெய்ப்பிக்கும் வழி இல்லை.

எனினும் ஒரு செய்தி உறுதியாகத் தெரிகிறது. நிக்கராகுவா நாட்டின் தலைநகர் மனாகுவாவில் 1970களின் இறுதியிலும் 1980களிலும் செவிப்புலனற்ற சிறுவர் பள்ளிகளில் முதன்முறையாக ஒன்றுசேர்க்கப்பட்டனர். பொதுவான மொழி எதனையும் கற்றிராத அச்சிறுவர் தம்முள் ஒரு சைகைமொழியை உருவாக்கினர்; அவர்களுக்குப் பின் வந்த இளஞ்சிறார் அதற்கு முழு இலக்கணம் அமைத்தனர். தாயில்லாத மொழி ஒன்று நம் காலத்திலேயே பிறந்தது. எனவே எல்லா மொழிகளும் ஒரே மொழியின் வழிவந்தவை என்னும் கூற்றை அதன் முழுப்பொருளில் ஏற்க இயலாது. மாந்தர் அனைவர்க்கும் பொதுவாயிருப்பது மொழியை ஆக்கும் ஆற்றலே. கிரகோரியின் கருத்தும் இதுவே அன்றோ?

3. பாவாணரின் கொள்கை

கிறிஸ்தவரான ஞா. தேவநேயப் பாவாணர் 1966இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'உலகின் முதன்மைச் செம்மொழி' என்னும் பொருளுடைய நூலில், தமிழே மாந்தனின் முதல்மொழி எனவும் குமரிக்கண்டமே அவன் பிறந்தகம் எனவும் வாதிட்டார். தமிழ் வடமொழியினின்று தோன்றியதென்ற தவறான கருத்தை எதிர்த்து அவர் ஆற்றிய உழைப்பை நாம் மதிக்கிறோம். தமிழ்ச் சொற்களின் வேர் காண்பதில் அவருக்கு இருந்த பயிற்சியும் ஈடுபாடும் பெரிது.

ஆயினும் அன்பின் நிமித்தம் ஆய்வின் அளவுகோலை மாற்றலாகாது. மேலே ரூலனிடத்தில் கண்ட குறையே இங்கும் உளது. ஒலியொப்புமை உறவுக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. சொல் எத்திசையில் சென்றது என்பது ஆராயுமுன்னரே முடிவு செய்யப்படுகிறது. இலெமூரியக் கண்டம் என்பது 1864இல் விலங்கியலார் பிலிப் ஸ்கிளேட்டர் இலெமூர் என்னும் விலங்கினத்தின் பரவலை விளக்கக் கூறிய கருதுகோள். நிலத்தட்டு இயக்கம் அறியப்பட்டபின் அதற்குத் தேவை இல்லாது போயிற்று. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, திராவிட மொழிக்குடும்பத்தின் வயதைச் சுமார் 4,500 ஆண்டுகள் என மதிப்பிட்டது. தமிழின் பெருமைக்கு அதன் இலக்கியம் போதும். ஏதேனின் சான்றிதழ் வேண்டியதில்லை.

4. பகுதி கூறுவது யாது?

பாபேல் நிகழ்ச்சிக்கு முன்னரே, ஆதியாகமம் 10ஆம் அதிகாரம் நோவாவின் வழித்தோன்றல்கள் தத்தம் மொழியின்படி பிரிந்திருந்ததை 5, 20, 31 ஆகிய வசனங்களில் மும்முறை கூறுகிறது. அங்கே தண்டனை பற்றிய பேச்சே இல்லை. அங்கு வரும் எபிரேயச் சொல் 'லாஷோன்', அதாவது நாவு. 11ஆம் அதிகாரத்திலோ 'சாஃபா', அதாவது உதடு என்னும் சொல் வருகிறது. இவ்விரு சொற்களும் மொழியையே குறிக்கக்கூடுமாதலால், இவ்வேறுபாட்டின்மீது மட்டும் நாம் பெருங்கட்டடம் எழுப்பலாகாது. எனினும் அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோன் (கி.மு. 722-705), வேற்றுமொழி பேசிய பல இனத்தாரை ஒரே வாயினராக்கிக் குடியேற்றியதாகத் தன் கல்வெட்டில் பெருமை கொள்வதை இங்கு நினைவுகூர வேண்டும். 'ஒரே பேச்சு' என்பது பேரரசுகளின் வழக்கில் அடிபணிதலின் பெயர். இக்கோணத்தில் பாபேல் பகுதியை விரிவாக ஆராய்ந்த கிறிஸ்டோப் யூலிங்கரின் நூல் 1990இல் வெளிவந்தது.

இவ்வொளியில் நோக்கின், பாபேலின் குற்றம் தெளிவாகும். பூமியை நிரப்புங்கள் என்பது கடவுளின் கட்டளை. சிதறாதிருக்கவும் தமக்குப் பெயர் உண்டாக்கவும் ஒரு நகரத்தைக் கட்டினர் மாந்தர். கடவுள் அவர்களைப் பரப்பியது தீர்ப்பு மட்டுமன்று. தமது பழைய ஆசீர்வாதத்தை நிறைவேற்றிய செயலுமாகும். அடுத்த அதிகாரத்தில் ஆபிராமின் பெயரைப் பெருமைப்படுத்துபவர் கடவுளே என்பது கவனிக்கத்தக்கது.

5. திருச்சபைக்குரிய படிப்பினை

மொழிகளுக்குப் பல தோற்றங்கள் உண்டு என்றால் மனித இனத்தின் ஒருமை கெட்டுவிடும் என அஞ்சியோர் உண்டு. அவ்வச்சத்துக்குக் காரணமும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஹேக்கெல் போன்றோர், மொழிக்குடும்பங்கள் தனித்தனியே தோன்றியதைக் காட்டி மாந்தரையே வெவ்வேறு இனங்களாகப் பிரித்து, உயர்ந்தோர் தாழ்ந்தோர் என வரிசைப்படுத்தினர். அதனைத் திருச்சபை எதிர்ப்பது கடமையே. ஆயின் ஒருமையை மொழிமரபின்மீது நிறுவுவோர், அறியாமலே அதே வரிசையை வேறு வழியில் கொண்டுவருகின்றனர். முதல்மொழி ஒன்று எனின், அதனைப் பேசுவோர் மூத்தோர். ஏனையோர் சிதைவின் பிள்ளைகள். எழுத்து வடிவம் பெறாத மொழியில் மன்றாடும் மலைவாழ் சகோதரருக்கு இதில் நற்செய்தி யாது?

அப்போஸ்தலர் நடபடிகள் 17:26 மாந்தரின் ஒருமையைப் படைத்தவரின்மீது நிறுவுகிறது, நாவின்மீது நிறுவவில்லை. பெந்தெகொஸ்தே நாளிலும் ஆவியானவர் ஒரு மொழியை மீட்டுத் தரவில்லை. பார்த்தரும் மேதரும் அரபியரும் தத்தம் பிறப்பு மொழியிலேயே கேட்டனர். வெளிப்படுத்தல் 7:9இல் ஆட்டுக்குட்டியானவர்முன் நிற்கும் திரள் பல மொழியினராகவே நிற்கிறது. தொடக்கத்தில் இருந்த மொழி எது என்பதை நாம் அறியோம். அறியாதிருப்பதால் விசுவாசத்துக்குக் குறைவு ஏதும் இல்லை. முடிவில் எம்மொழியும் விலக்கப்படாது என்பதை அறிவோம். பாபேல் பகுதியின்மேல் அருளுரை ஆற்ற அழைக்கப்படுவோர், ஏதேனின் மொழியைத் தேடுவதை விடுத்து, தம் சபையில் எவருடைய மொழி இன்னும் கேட்கப்படாதிருக்கிறது என ஆராய்வார்களாக.