மூன்று ஐந்தும் பேரேடும்

மலாயாவின் லாபு, ரந்தாவ், லிங்கி பக்கத்துத் தோட்ட வீடுகளில் முன்பெல்லாம் உள்ளங்கை அகல நோட்டு ஒன்று இருக்கும். அட்டையில் 555 என்ற எண். அரிசி, பருப்பு, நெத்திலி, மண்ணெண்ணெய் என்று கடைக்காரர் கிறுக்கிய பற்று வரிகள் சம்பள நாள்வரை நீளும். பணம் கட்டிய மறுநாளே புதுப் பற்று. கையில் காசில்லாத நாளிலும் உலை கொதிக்க வைத்த புத்தகம் அது. அதன்மேல் எனக்குத் தீராத மரியாதை.

ஆனாலும் கூட்டுறவுக் கடையின் பேரேடு அதைவிட அழகு. மலாயாவில் கூட்டுறவுச் சட்டம் வந்தது 1922இல். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தார் வகுத்த முறைப்படி, உறுப்பினர் வாங்கிய சாமானின் அளவுக்கேற்ப லாபத்தில் பங்கு உண்டு. கடனுக்கு அவர்கள் இடமே தரவில்லை. மாதச் சம்பளத்தை நம்பிய தோட்டத்தில் அந்த ரொக்க விதி கடினமானதுதான்.

555இல் ஒரு கிலோ பருப்பு வெறும் கடன். பேரேட்டில் அதுவே உரிமை. கூட்டுறவுக் கடைக்கு வேலை பழக வரும் பிள்ளை கல்லாவுக்கு முன்னால் இந்தப் பேரேட்டைத்தான் கற்க வேண்டும். பால்மரம் வெட்டும் அக்கா பொதுக்கூட்டத்தில் எழுந்து, “என் பங்கு எவ்வளவு தம்பி?” என்று கேட்டால், வரி வரியாகப் படித்துக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.