தோலுக்கு எந்த எண்ணெய்?

மும்பையின் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் தேங்காய் எண்ணெய் இல்லாத தமிழ் வீட்டைப் பார்ப்பது கஷ்டம். தலைக்கும் அதுதான், பிறந்த குழந்தையின் உடம்புக்கும் அதுதான், பித்தவெடிப்புக்கும் அதுதான். தாராவியின் உத்தரப் பிரதேசக் குடும்பங்கள் கடுகெண்ணெய் தேய்க்கின்றன. கொங்கணத்துக்காரர்கள் கோகம் விதையின் கொழுப்பை முட்டை வடிவில் உருட்டி வைத்திருந்து, பனிக்காலத்தில் குதிகாலில் உருக்கிப் பூசுகிறார்கள். இவற்றோடு இப்போது ஆலிவ் எண்ணெயும் ஷியா வெண்ணெயும் ‘இயற்கை’ என்ற முத்திரையோடு வந்து சேர்ந்திருக்கின்றன. செடியிலிருந்து வந்தது, அதனால் தோலுக்கு நல்லது என்பதே விற்பவர்களின் வாதம். தோலைப் பற்றித் தெரிந்த எதுவும் அந்த வாதத்துக்குத் துணை நிற்கவில்லை.

எண்ணெயில் நீர் கிடையாது. அது தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை. இருக்கிற ஈரம் ஆவியாகிப் போகாமல் தடுக்கிறது, அவ்வளவே. தோலின் மேலடுக்கில் இறந்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கப்பட்டிருக்க, செரமைடும் கொலஸ்டிராலும் கொழுப்பமிலங்களும் நடுவில் பூசிய சாந்தாக நிற்கின்றன. சோப்பும் டிடர்ஜென்டும் அந்தச் சாந்தைத்தான் கரைக்கின்றன. ஆகவே ஒரு எண்ணெயை இரண்டு கேள்விகளால் எடை போடலாம்: நீர் வெளியேறுவதை எவ்வளவு தடுக்கிறது? அந்தச் சாந்தைக் காக்கிறதா, குலைக்கிறதா?

முதல் கேள்வியில் தாவர எண்ணெய்கள் தோற்கின்றன. பெட்ரோலியம் ஜெல்லி, அதாவது நாம் வாசலின் என்று சொல்வது, நீரிழப்பை 98 சதவீதம்வரை தடுக்கும் என்று தோல் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. மற்ற எண்ணெய்கள் 20 முதல் 30 சதவீதத்தோடு நின்றுவிடுகின்றன. ‘பெட்ரோல் கழிவு’ என்று வாசலினை ஒதுக்குகிறவர்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை. நன்கு சுத்திகரித்த ஜெல்லி தோலுக்கு ஊறு செய்வதில்லை. ஒவ்வாமையும் மிக அரிது.

இரண்டாவது கேள்விதான் சுவையானது, ஏனென்றால் இங்கே தாவர எண்ணெய்களே ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒலியிக் அமிலம் மிகுந்த எண்ணெய் தோலின் சாந்தைக் குலைக்கும். லினோலியிக் அமிலம் மிகுந்தது காக்கும். ஆலிவ் எண்ணெயில் பெரும்பகுதி ஒலியிக். 2013-இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகக் குழு பெரியவர்களின் தோலில் சோதித்தபோது, ஆலிவ் எண்ணெய் தடுப்புச் சுவரைப் பலவீனப்படுத்தியது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. கடுகெண்ணெயின் முக்கிய அமிலம் எரூசிக். 2002-இல் வந்த ஆய்வொன்றில், தடுப்புச் சுவர் குலைக்கப்பட்ட எலித்தோல் மீள்வதைக் கடுகெண்ணெய் தாமதப்படுத்தியது. சூரியகாந்தி எண்ணெயோ விரைவுபடுத்தியது. எலியின் தோல் மனிதத் தோல் ஆகாது என்பது சரி. ஆனால் 2005-இல் லான்செட் இதழில் வந்த டாக்கா சிசு மருத்துவமனை ஆய்வு குறைமாதக் குழந்தைகளைப் பற்றியது. சூரியகாந்தி எண்ணெய் தடவப்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்தது. விலை மலிந்த சமையல் எண்ணெய் ஒன்று அப்படி வேலை செய்ததை நான் பெரிய செய்தியாகவே எண்ணுகிறேன்.

தேங்காய் எண்ணெய் எங்கே நிற்கிறது? கேம்ப்பின் பிள்ளைகள் பலர் பிறந்த சயான் ஆஸ்பத்திரியிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. அங்கே பச்சிளங்குழந்தைப் பிரிவு நடத்திய ஆய்வு 2005-இல் ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்தது. ஒரு பிரிவுக் குழந்தைகளுக்குத் தேங்காய் எண்ணெய், இன்னொரு பிரிவுக்குப் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில், மூன்றாவதற்கு எண்ணெய் இல்லாத ஒப்பீட்டுப் பொருள். பிறந்த இரண்டாம் நாளிலிருந்து 31-ஆம் நாள்வரை தினமும் நான்கு முறை தேய்த்தார்கள். வீட்டுக்குப் போனபின் தாய்மாரே தேய்த்தார்கள். குறைமாதக் குழந்தைகளில் தேங்காய் எண்ணெய்ப் பிரிவுதான் மற்ற இரண்டையும்விட வேகமாக எடை கூடியது. நரம்பு சார்ந்த நடத்தையில் வேறுபாடு எதுவும் இல்லை.

இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனால் அது அளந்தது எடையையும் வளர்ச்சியையும். தோலின் ஈரத்தை அல்ல. யாருக்கு எது தடவப்படுகிறது என்பது மறைக்கப்படாத ஆய்வும்கூட. இதைக் காட்டித் ‘தேங்காய் எண்ணெய் தோலுக்கு அமிர்தம்’ என்று சொல்கிறவர்கள் வேறு கேள்வியின் விடையை எடுத்துவந்து இங்கே ஒட்டுகிறார்கள். தோலை நேரடியாகப் பார்த்தது பிலிப்பைன்ஸில் 2004-இல் வந்த ஆய்வு. தோல் வறண்ட 34 பேரிடம் தேங்காய் எண்ணெயும் மினரல் ஆயிலும் ஒப்பிடப்பட்டன. இரண்டும் சமம். இயற்கை வெல்லவில்லை, தோற்கவும் இல்லை. 2008-இல் அதே நாட்டில் கரப்பான் நோயாளிகளிடம் பார்த்தபோது வேறொரு நன்மை தெரிந்தது: ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி இருந்த 20 பேரில், தேங்காய் எண்ணெய் தடவியபின் ஒருவரிடம் மட்டுமே அது மிஞ்சியது. ஆலிவ் தடவியவர்களில் 12 பேர் 6 ஆனார்கள். ஏறத்தாழ பாதி லாரிக் அமிலமாக உள்ள எண்ணெய்க்கு இது பொருந்துகிற பலன்தான். சிறிய ஆய்வுகள், ஆனால் ஒரே திசையைக் காட்டுகின்றன.

ஷியாவும் கோகமும் கெட்டியான கொழுப்புகள். ஸ்டியரிக் அமிலம் மிகுந்திருப்பதால் தோலில் தங்கும். குதிகால் வெடிப்புக்கு அது உதவும். கோகம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பொருள், கொங்கண் கடைகளில் கிடைக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஷியாவுக்குப் பல மடங்கு விலை கொடுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஆய்வுகளில் வராத ஒன்றை இங்கே சேர்த்தாக வேண்டும்: மும்பையின் காற்று. டிசம்பர், ஜனவரி தவிர இந்த ஊரில் காற்றே ஈரமாக இருக்கிறது. ஜன்னல் இல்லாத அறையில் ஜூன், ஜூலையில் உடம்பெல்லாம் எண்ணெய் பூசினால் வியர்வையோடு சேர்ந்து பிசுபிசுக்கும். தேமலையும் பொடுகையும் உண்டாக்கும் மலசீசியா பூஞ்சை தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரிக்க முடியாதது. தோலில் உள்ள கொழுப்பை உண்டே வாழ்கிறது. தேமல் உள்ளவர்கள் எண்ணெய் தேய்ப்பது அதற்குத் தீனி போடுவதாகும். முகப்பரு உள்ளவர்களும் முகத்தில் தேங்காய் எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது.

இன்னொன்று, வேலை செய்கிற கைகள். இட்லி மாவு அரைப்பவர்களும், மாட்டுங்கா, சயான் மாடிவீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர்களும் நாளெல்லாம் நீரிலும் டிடர்ஜென்டிலும் கை வைத்திருக்கிறார்கள். அந்தக் கைக்கு இரவில் பூசும் தேங்காய் எண்ணெய் போதாது, வாசலின்தான் பொருத்தம். தோல் பதனிடும் குரோமியத்தாலோ சிமெண்டாலோ வந்த அரிப்போ ஒவ்வாமை. அதற்கு எந்த எண்ணெயும் மருந்தில்லை. தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

குழந்தை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. குளிப்பாட்டியபின் மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடும் பழக்கம் நுரையீரலில் எண்ணெய் தங்கி நிமோனியாவை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் இது கண்டறியப்பட்டதை 1973-இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. பாட்டி சொன்னாலும் வேண்டாம்.

ஆக என் தீர்ப்பு இது. சாதாரண வறட்சிக்கு, குளித்து ஈரம் காயுமுன், மெல்லிய பூச்சாகத் தேங்காய் எண்ணெய் போதும். குழந்தைக்கு அதுவோ சூரியகாந்தி எண்ணெயோ சரி. ஆலிவும் கடுகும் வேண்டாம். வெடித்த கைக்கும் காலுக்கும் வாசலின் அல்லது கோகம். மழைக்காலத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். சிறிய பாட்டிலில் விற்கும் தேங்காய் எண்ணெய் உணவா, தலைமுடி எண்ணெயா என்று நிறுவனம் ஒன்றின் வரி வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. உணவு எண்ணெய் என்று விற்கப்பட்டால் சிறிய பாட்டிலும் உணவு எண்ணெய்தான் என்று 2024 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. குழந்தையின் தோலுக்கு வேண்டியது அந்தச் சமையல் எண்ணெய்தான். ‘ஹேர் ஆயில்’ என்று எழுதிய பாட்டிலில் வாசனையும் மினரல் ஆயிலும் கலந்திருக்கலாம். அதைக் குழந்தைக்குத் தேய்க்காதீர்கள்.